கல்லாங்காடு அடை உக்காந்த வருஷம்

எங்க வேலாங்காட்டுப்புதூர்ல யாரையாவது நிறுத்தி உனக்கு என்ன வயசுன்னு கேட்டுப் பாருங்க, ஆதார் கார்டைத் தேட மாட்டாங்க. "கல்லாங்காடு அடை உக்காந்த வருஷம் நான் ஒம்பதாவது படிச்சேன்"னோ, "கல்லாங்காடு அடை உக்காந்த வருஷந்தான் எனக்குத் தலப்பிரசவம்"னோதான் சொல்லுவாங்க. கோழி அடை உக்காரும், வாத்து உக்காரும், மூணு ஏக்கர் செம்மண்ணு எங்கயாச்சும் அடை உக்காருமான்னு வெளியூர்க்காரங்க வாயைப் பொளப்பாங்க. உக்காந்துச்சுங்க. அதுக்கு எரு ஓட்டுனவனே நான்தான், என்ற டிராக்டர்லதான் ஏத்திட்டுப் போய்க் கொட்டினேன், அதனால இந்தக் கதையைச் சொல்ல இந்த அங்கமுத்தைவிட யோக்கியதை உள்ளவன் ஊருல கிடையாது. யோக்கியதைன்னது வாய் தவறி வந்துடுச்சு, போகப் போக உங்களுக்கே புரியும்.

எங்க பக்கம் வயலைக் காடுன்னுதான் சொல்லுவோம், காட்டுக்குச் சொந்தக்காரரைப் பண்ணாடின்னு கூப்பிடுவோம். கல்லாங்காட்டுப் பண்ணாடி சென்னியப்பன். கட்டுன வேட்டியில ஒரு பொட்டு மண்ணு ஒட்டாம வெள்ளாமை பண்றதுல அவரை அடிச்சுக்க ஆளில்லை, நோகாம நோம்பி கும்பிடற மனுசன். நோகறதுக்குன்னு காலனியில மாராயி இருந்தா. அந்தக் காட்டுல கல்லுப் பொறுக்குனது மாராயி, பொறுக்குன கல்லை வரப்பா அடுக்குனது மாராயி, வெதைச்சது, களை எடுத்தது, மழை வந்தா மடை கட்டுனது, வராத வருஷம் வானத்தைப் பார்த்துத் திட்டுனது எல்லாம் மாராயி. பத்தொம்பது வருஷம். ஒவ்வொரு வருஷமும் வெதைப்புக்கு முன்னால பண்ணாடி வரப்புல நின்னு, வேட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஒரே பாட்டைப் பாடுவாரு: "ஏ மாராயி, இந்தப் போகம் நல்லா வெளையட்டும், சனி மூலையில அரை ஏக்கரை உன்ற பேருக்கு எழுதி வெச்சுடறேன்." சனி மூலைன்னா வடகிழக்கு மூலைங்க. நல்லா வெளைஞ்ச வருஷம், "வெளைஞ்சு என்ன புள்ள, வெலை இல்லையே." வெலை இருந்த வருஷம், "வெலை இருந்து என்ன புள்ள, வெளையலையே." ரெண்டும் கூடி வந்த ஒரு வருஷத்துல அவரு பேனாவைத் தொலைச்சுட்டாரு.

மாராயிக்கு வேற ஆசையே இல்லைங்க. வாங்கித் தின்னணும், கட்டி மினுக்கணும்னு ஒண்ணும் கிடையாது. "இது என்ற காடுன்னு ஒருக்கா வாயைத் தொறந்து சொல்லிட்டுத்தான் சாவேன்"னு களை எடுக்கற பொம்பளைங்ககிட்டச் சொல்லுவா. அவளுங்களும் சிரிக்க மாட்டாளுங்க, ஏன்னா அவளுங்களுக்கும் அதே ஆசைதான்.

அந்த வருஷம் யூரியா கிடைக்கல. வையாபுரியோட கோழிப்பண்ணையில எரு மலையாட்டம் கெடந்துச்சு, அள்ளிட்டுப் போனாப் போதும்னு இருந்தான் அவன். நாப்பதாயிரம் லேயர் கோழிங்க. பார்த்திருப்பீங்க, கம்பிக் கூண்டு மூணு அடுக்கு. அந்தக் கோழி முட்டை போட்ட உடனே அது சரிவுக் கம்பியில உருண்டு முன்னால வந்துடும், ஆளு வந்து எடுத்துட்டுப் போயிடுவான், கோழி திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள முட்டை லாரி ஏறியிருக்கும். பொறந்ததுல இருந்து சாகற வரைக்கும் முந்நூறு முட்டை போட்டு, ஒரு முட்டை மேலயும் ஒரு நிமிஷம் உக்காராத கோழிங்க. அந்த ஆசையெல்லாம் எங்கீங்க போகும்? வாய் வழியாப் போக முடியாது, கொக்கரிச்சாக் கேட்க ஆளில்லை. பொச்சு வழியாத்தான் போகணும். போச்சு. அதைத்தான் நான் ஏழு நடை டிராக்டர்ல ஏத்திட்டு வந்தேன், மூக்கைத் துண்டால கட்டிக்கிட்டு.

வேளாண்மை ஆபீசரம்மா நேருல வந்து பாடம் எடுத்துச்சு. "பச்சை எருவை அப்படியே போட்டீங்கன்னா வேரு கருகிடும். தென்னை நார்க் கழிவோட அடுக்கு அடுக்காப் போட்டு, தண்ணி தெளிச்சு, தொண்ணூறு நாள் மக்க விடணும். மூணு தடவையாவது பெரட்டிப் போடணும். கம்பியைச் சொருகி எடுத்தாச் சூடு இருக்கக் கூடாது, கையில அள்ளினா மண்ணு வாசம் வரணும். தான் கோழிங்கிறதையே அது மறந்திருக்கணும், புரியுதுங்களா?" கடைசி வார்த்தையை அந்தம்மா வெளையாட்டாத்தான் சொல்லுச்சு. அதுதான் முக்கியமான வார்த்தைன்னு அன்னிக்கு யாருக்குத் தெரியும்?

அந்தம்மா ஜீப் ஏறினதும் பண்ணாடி சிரிச்சாரு. "தொண்ணூறு நாளாம்! கோழிக்கு இருபத்தொரு நாளுன்னு பாலு குடிக்கற புள்ளைக்குத் தெரியும். முட்டைக்கே இருபத்தொண்ணு போதும்னா, பீக்குத் தொண்ணூறா?" நாங்க எல்லாரும் தலையை ஆட்டினோம். நியாயந்தானே? எங்க ஊருல கோழி சம்பந்தப்பட்ட எதுக்கும் இருபத்தொண்ணுதான் கணக்கு. "அப்பறம் பெரட்டணுமாம்! சூடா அடையில கெடக்கறதைப் போயி எவனாச்சும் கலைப்பானா?"ன்னு சொல்லி, குவியலைச் சாக்குப் போட்டு மூடி, சனிக்கிழமை பார்த்து, ஒரு விளக்கும் ஏத்தி வெச்சாரு. மக்க வேண்டிய எருவை அவரு அடை வெச்சாருங்க. அவ்வளவுதான் நடந்த தப்பு.

இருபத்தொண்ணாம் நாள் மாராயி கம்பியைச் சொருகி எடுத்தா. கையைச் சுட்டுடுச்சு. "இன்னும் வேகலைங்க பண்ணாடி, உள்ள என்னமோ முனகுதுங்க."

"முனகினா உனக்கென்ன, நீ அள்ளு. ஆடிப்பட்டம் உனக்காக நிக்குமா? இந்தப் போகம் மட்டும் நல்லா வரட்டும், சனி மூலையில அரை ஏக்கரு…"

மாராயி அள்ளினா.

கடலை வெதைச்சோம். வந்துச்சு பாருங்க வெள்ளாமை, அடேயப்பா, இலை ஒவ்வொண்ணும் கருகருன்னு, காட்டுக்குள்ள காலு வெச்சா வெதுவெதுன்னு. ஐப்பசிக் கடைசியில காய் பிடுங்க இருபது பொம்பளைங்க எறங்கினாங்க. செடியைப் பிடிச்சு இழுத்தா வரல. ரெண்டு கையால இழுத்தாங்க, வரல. குனிஞ்சு பார்த்தா மண்ணு பொசுபொசுன்னு சிலிர்த்துக்கிட்டு நிக்குது, அடியில இருந்து "கொர்ர்ர்"னு ஒரு சத்தம். மறுபடி இழுத்தவ காலுக் கட்டைவெரலுல நறுக்குன்னு ஒரு கொத்து. இருபது பொம்பளைங்களும் சீலையைத் தூக்கிக்கிட்டு வரப்புக்கு ஓடி வந்தாங்க.

மாராயி மட்டும் உள்ள நின்னு, குத்த வெச்சு, மண்ணு மேல கையை வெச்சுப் பார்த்தா. அவளை அது கொத்தல. "காடு அடை உக்காந்திருக்குதுங்க பண்ணாடி"ன்னா, மழை வர்ற மாதிரி இருக்குதுன்னு சொல்ற கொரல்ல.

யாரும் மயங்கி விழுகலைங்க. பொம்பளைங்க "அப்படின்னா இன்னிக்கு மத்தியானச் சோறு உண்டா இல்லையா"ன்னுதான் கேட்டாங்க. ஊருக்குள்ள சேதி போனதும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல வந்துட்டாங்க, அடைக்கோழியைத் தெளிய வைக்கத் தெரியாத ஆளு எங்க ஊருல எவன் இருக்கான்? முதல் வைத்தியம், தண்ணியில முக்கறது. பண்ணாடி ரெண்டு நாள் மோட்டாரைப் போட்டுக் காட்டையே குளமாக்கினாரு. மூணாம் நாள் காடு எந்திரிச்சு ஒரு உதறு உதறுச்சு. வேடிக்கை பார்த்துட்டு வரப்புல நின்ன முப்பது பேருக்கும் தலையோட சேறு, அப்பறம் காடு திருப்பி உக்காந்துக்கிச்சு. ரெண்டாவது வைத்தியம், மூக்குல இறகு சொருகறது. காட்டுக்கு மூக்கு எங்கன்னு டீக்கடையில ரெண்டு நாள் சண்டை. சனி மூலையில ஒரு எலி வளை இருந்துச்சு, அதுதான்னு முடிவு பண்ணி, அந்த அளவுக்கு இறகுக்கு எங்க போறதுன்னு ஒரு தென்னை மட்டையைச் சொருகினாங்க. காடு தும்முச்சுங்க. மட்டை போயி கரண்டுக் கம்பியில மாட்டிக்கிச்சு, பண்ணாடியோட வெள்ளை வேட்டி வேப்பமரத்து உச்சியில பறந்துச்சு, அவரு கோவணத்தோட நின்னுக்கிட்டு, "எல்லாம் இந்த மாராயி பண்ணின வேலை"ன்னாரு.

அப்பறம் ஊரு பழகிடுச்சு. மனுசனுக்குப் பழகாதது என்ன இருக்குது? கார்த்திகைக் குளிருல மாவு பொங்க மாட்டேங்குதுன்னு பொம்பளைங்க இட்லி மாவுப் போசியைக் கொண்டாந்து கல்லாங்காட்டு வரப்புல வெச்சாங்க, ஒரு மணி நேரத்துல நொரைச்சுக்கிட்டு வரும். முட்டிவலிக்காரக் கிழவனுங்க ஆளுக்கொரு துண்டைப் போட்டு வரப்புல எடம் பிடிச்சானுங்க. புள்ளையில்லாத சோடிங்க வெளியூருல இருந்து வந்து மூணு சுத்து சுத்தினாங்க, பஸ் கண்டக்டரு "அடைக்காடெல்லாம் எறங்கு"ன்னு கூவினான், டீக்கடையில போண்டா சேர்ந்துச்சு. ஆபீசரம்மா வந்து மண்ணு எடுத்துட்டுப் போச்சு. மண்ணுல வெப்பம் சற்று அதிகம், கவலைப்படத் தேவையில்லைன்னு காயிதம் வந்துச்சு.

கவலைப்பட்டது மாராயி ஒருத்திதான். பண்ணாடி கண்டிசனாச் சொல்லிட்டாரு: "வெளைஞ்சது வீடு வந்து சேரல. சனி மூலைப் பேச்சு இத்தோட சரி. பத்தொம்பது வருஷம் வெச்சுப் பார்த்ததே பெருசு, தைக்கு அப்பறம் நீ வேற எடம் பார்த்துக்க." அவ தினமும் காத்தால ரெண்டு கொடம் தண்ணியும், ஒரு முறம் கம்பும் கொண்டாந்து வரப்போரமா வெப்பா. "அடையில இருக்கறது தண்ணி தவிச்சுச் செத்துப் போனாப் பாவமில்லீங்களா"ம்பா. காடு ஒரு ஓரமா லேசா நிமிந்து, உறிஞ்சிட்டு, திருப்பி அமுங்கிக்கும். நான் என்ற ரெண்டு கண்ணால பார்த்தேன், பத்து நாள் அவளுக்குக் கொடம் தூக்கி விட்டவனே நான்தான்.

அடை உக்காந்து இருபத்தொண்ணாம் நாள், வெயிலு ஏறின நேரத்துல, காடு பொரிச்சுடுச்சு.

மண்ணு வெடிச்சு வெடிச்சு, ஒவ்வொரு செடியடியில இருந்தும் குஞ்சுக் காடுங்க வந்துச்சுங்க. ஒவ்வொண்ணும் முறம் அளவு, நாலு பக்கம் வெரல்மொத்தத்துக்கு வரப்பு, நடுவுல ரெண்டு எலை விட்ட கடலைச் செடி. செவசெவன்னு செம்மண்ணு, அடியில என்னத்தை வெச்சு நடந்துச்சோ, தத்தித் தத்தி ஓடுச்சு. நூத்திச் சொச்சம் இருக்கும். அத்தனையும் மாராயி காலைத்தான் சுத்துச்சு. அவ "பா பா பா"ன்னதும் முந்தானைக்குள்ள பூந்துக்கிச்சு. அவ அழுதா. அழுதுக்கிட்டே சிரிச்சா. நாங்களும் ஒரு நிமிஷம் நல்லவங்களா இருந்தோம்.

ஒரு நிமிஷந்தான். மறுநாள் வேப்பமரத்தடியில பஞ்சாயத்து.

பண்ணாடி சொன்னாரு, "தாய் என்றது. வெதை என்றது. குஞ்சும் என்றது." வையாபுரி சொன்னான், "அடை உக்காரணும்ங்கிற ஆசை என்ற கோழியோடது. அது இல்லாம உங்க காடு காலத்துக்கும் மலடுதான்." கிராம அலுவலரு, நடமாடற நிலத்துக்கு நான்கெல்லை எப்படி எழுதறதுன்னு தலையைச் சொறிஞ்சாரு.

மாராயி எந்திரிச்சு நின்னா. "சாமிகளா, கோழியை வாரத்துக்கு விட்டா வளர்க்கறவளுக்குப் பாதிக் குஞ்சு. ஆடு விட்டாலும் பாதிக் குட்டி. நம்மூரு வழக்கந்தானுங்களே? அடைக்குத் தண்ணி வெச்சது நானு. பாதி வேண்டாம், நாலு குஞ்சு குடுங்க, அரை ஏக்கரா வளர்த்துக்கறேன்."

தீர்ப்புச் சொல்ல உக்காந்திருந்த கோயில் தர்மகர்த்தா தொண்டையைச் செருமிக்கிட்டாரு. "கோழின்னாச் சரி, ஆடுன்னாச் சரி. நெலத்துக்கு அப்படி வழக்கம் கிடையாது."

"ஏனுங்க கிடையாது?"

"இதுவரைக்கும் கேட்டதில்லை, அதனால கிடையாது."

அவ என்ற பக்கம் திரும்பினா. "ஏனுங்ணா, நீங்க சொல்லுங்க. தண்ணி வெச்சது நான்தானுங்களே? நீங்கதானே கொடம் தூக்கி விட்டீங்க?"

கூட்டமே என்னைப் பார்த்துச்சு. பண்ணாடியும் பார்த்தாரு. அவரு காட்டுலதாங்க வருஷம் பூரா எனக்கு ஓட்டம். "நான் அப்பெல்லாம் டீசல் போடப் போயிருந்தேனுங்க"ன்னேன். வேலிக்கு ஓணான் சாட்சிம்பாங்க, அன்னிக்கு அந்த ஓணான் கூட என்னைவிட மேல். இதைச் சொல்லும்போது இன்னிக்கும் எனக்கு நாக்குக் கூசுது.

தீர்ப்பு: குஞ்சு பூரா பண்ணாடிக்கு. மாராயி அழுது பிரச்சினை பண்ணக் கூடாதுன்னு, கூட்டத்துல பின்தங்கி நொண்டிக்கிட்டு நின்ன ஒண்ணை, நடுவுல பாதிக்குக் கல்லு, ஒரு செடிதான், அதைப் பெரிய மனசு பண்ணி அவகிட்டத் தள்ளி விட்டாங்க. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு ஒடைச்சதுக்கு எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன்.

பண்ணாடிக்குக் கணக்குப் போடத் தெரியும். முறம் அளவு காடு நூறு, ஒவ்வொண்ணும் மூணு ஏக்கரா வளர்ந்தா ஊருல பாதி அவருது. வையாபுரியும் அவரும் ராசியாகி, மேயவிட்டா எளைச்சுப் போகும், ஊரான் வரப்புல பூந்துடும்னு, அத்தனை குஞ்சுக் காட்டையும் லேயர் கூண்டுல அடைச்சாங்க, மூணு அடுக்கா. நேரத்துக்குத் தீவனம், நேரத்துக்கு லைட்டு. மண்ணுக்கு மண்ணைத் தொடாம எப்படீங்க உசுரு இருக்கும்? சரிவுக் கம்பியில தினமும் கொஞ்சம் கொஞ்சமா உருண்டுச்சு, உதிர்ந்துச்சு. மார்கழி முடியறதுக்குள்ள கூண்டுக்கடியில ஒரு லோடு மணல். அதையும் நான்தான் ஏத்திட்டுப் போய்க் கொட்டினேன்.

காலனியில மாராயியோட நொண்டிக் குஞ்சு ஊரெல்லாம் கிளறித் தின்னுச்சு. குப்பைமேடு, ஓடைக்கரை, சாணிக்குழி எல்லாம் மேஞ்சு, பொழுது எறங்கினா அவ கவுத்து வெச்ச கூடைக்கடியில வந்து ஒண்டிக்கும். தை வந்தப்ப ஒரு கட்டில் அகலம் ஆயிருந்துச்சு. ஆனா ஒரே கத்தல். கீச் கீச்சுன்னு, தாயைத் தேடற கத்தல். ஊருக்கே தூக்கம் போச்சு.

கேட்க வேண்டியவளுக்கும் கேட்டுச்சு. தை நோம்பிக்கு மறுநாள், பட்டப்பகல், ஊரே மாட்டுக்குக் கொம்பு சீவிக்கிட்டு இருந்தப்ப, கல்லாங்காடு எந்திரிச்சுதுங்க. மூணு ஏக்கரும். இந்தத் தடவை உதறல, தும்மல. வரப்பைத் தூக்கிக்கிட்டு, சனி மூலை முன்னால, எங்க மெயின் ரோடு வழியா, பஸ்ஸை நிறுத்தி வெச்சு, தர்மகர்த்தா வீட்டுப் பந்தல்காலைச் சாய்ச்சுட்டு, "கொக் கொக்"னு கூப்பிட்டுக்கிட்டே காலனிக்குப் பின்னால ஓடைப் புறம்போக்குல போயி உக்காந்துக்கிச்சு. அந்த நொண்டிக் குஞ்சு ஓடிப் போய்ச் சனி மூலையில ஒட்டிக்கிச்சு. கத்தல் நின்னுச்சு. கல்லாங்காடு இருந்த எடத்துல வெறும் பாறை, அதுல பண்ணாடி.

பட்டாவைத் தூக்கிக்கிட்டு வந்தாரு. ஓட்டிட்டுப் போக நாலு ஆளு, என்ற டிராக்டரு, வடக்கயிறு எல்லாம் வந்துச்சு. காலு வெச்சவனையெல்லாம் காடு கொத்துச்சு. மறுபடி வேப்பமரத்தடி. "காடு அவகிட்டப் போயிடுச்சு, வழக்கம் என்ன சொல்லுது"ன்னு பண்ணாடி கத்தினாரு. தர்மகர்த்தா தொண்டையைச் செருமினாரு, சாய்ஞ்ச பந்தலைப் பார்த்தாரு, செருமினாரு. கடைசியில மாராயியே சொன்னா: "நெலத்துக்கு வழக்கம் கிடையாதுங்களே சாமி. நீங்கதானே சொன்னீங்க."

அன்னிக்குச் சாயந்திரம் அவ சனி மூலையில நின்னு, இடுப்புல கை வெச்சு, யாரையும் பார்க்காம, "இது என்ற காடு"ன்னா. ஒருக்காத்தான் சொன்னா. நான் அதுவரைக்கும் அவளை ஏ மாராயின்னு கூப்பிட்டுப் பழகினவன். அன்னிக்கு மாராயக்கான்னு வந்துச்சு வாயில.

ஆடிக்கு முன்னால எரு போட நான்தான் ஓட்டுனேன், கூலி கேட்கல. அக்கா தொண்ணூறு நாள் கணக்கு வெச்சு, பெரட்டிப் பெரட்டிப் போட்டுக்கிட்டு இருந்தப்ப, பண்ணாடி வந்து வரப்புக்கு அந்தப் பக்கமா நின்னாரு. வேட்டியில நல்லா மண்ணு.

"மாராயி… வயித்துப்பாடு கஷ்டமா இருக்குது. பாறையில என்ன வெளையும்? சனி மூலையில ஒரு அரை ஏக்கரு…"

அக்கா குவியல்ல கம்பியைச் சொருகி, எடுத்து, தொட்டுப் பார்த்தா. "இன்னும் வேகலைங்க பண்ணாடி"ன்னு மரியாதையாச் சொல்லி, மம்பட்டியை எடுத்து அவரு கையில குடுத்தா. "நீங்க அந்தப் பக்கமாப் பெரட்டுங்க. இந்தப் போகம் நல்லா வெளையட்டுங்க, சனி மூலையில அரை ஏக்கரை உங்க பேருக்கே எழுதி வெச்சுடறேன்."

பண்ணாடி பெரட்டினாரு. நல்லாவே பெரட்டறாருங்க, சும்மா சொல்லக் கூடாது. ஒவ்வொரு போகமும் வெளையத்தான் வெளையுது. ஒரு வருஷம் வெலை இல்லை, ஒரு வருஷம் அக்கா பேனாவைத் தொலைச்சுட்டா. ஆச்சு, ஆறு வருஷம் ஓடிப்போச்சு. பத்தொம்பதுல ஆறு போனா இன்னும் பதிமூணு இருக்குது.